வவுனியாவின் 2.3உம் சுமாத்திராவின் 9.1உம்

2024 ஜூன் 18ஆம் திகதி இரவு 11 மணிக்குச் சற்று முன்பு வவுனியாவிலும் மடுக்கந்தை, ஹொரவப்பொத்தானை, கெபித்திகொல்லாவைப் பக்கங்களிலும் நிலம் அதிர்ந்தது. பதிவான அளவு 2.3. சுவரில் கீறல் விழுத்தவும் காணாத அதிர்வு. ஆனாலும் இப்படி ஒன்று வந்தால் சனம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது சின்னன், பெரிசு பின்னால் வருகுதா? நியாயமான கேள்வி. பெரிய பூமியதிர்ச்சிகள் பலவற்றுக்கு முன்னால் சின்ன அதிர்வுகள் வந்திருப்பது உண்மை. அந்த உண்மையைத் திருப்பிப் போட்டு, சின்னது வந்தால் பெரிசும் வரும் என்று வாசிக்கும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. வன்னியில் இருப்பவர் கவனிக்கவேண்டிய அதிர்வு வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு வருமுன் இந்தப் பிழையை வடிவாகப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் அளவு. அளவில் 1 கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும், 2 கூடினால் 1,000 மடங்கு. வவுனியாவின் 2.3க்கும் 2004 சுமாத்திராவின் 9.1க்கும் இடையில் உள்ள 6.8, சக்தியில் கிட்டத்தட்ட 1,600 கோடி மடங்கு வித்தியாசம். "சின்னச் சின்னதாய் அதிர்ந்து சக்தி போய்விட்டால் நல்லதுதானே" என்ற ஆறுதலும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. 7 அளவு அதிர்ச்சி ஒன்றின் சக்தியை 4 அளவு அதிர்வுகளாகக் கழிக்க ஏறத்தாழ 32,000 அதிர்வுகள் வேண்டும். எந்தப் பிளவும் அப்படிச் சில்லறையாய்க் கடன் தீர்ப்பதில்லை.

அடுத்தது எங்கள் நிலம். இலங்கையின் அடிப்பாறையை நிலவியலாளர் பிரித்த நான்கு தொகுதிகளில் ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர். வவுனியாவின் அடியில் கிடப்பது அந்தப் பழைய உருமாறிய பாறைதான். மன்னார், பூநகரிப் பக்கம் போகப் போக மேலே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது. இரண்டுமே இந்தியத் தட்டின், அதாவது பூமியின் மேலோடு உடைந்து நகரும் பெரிய துண்டுகளில் ஒன்றின், உட்பகுதி. தட்டு விளிம்பு இங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், நிக்கோபார்–சுமாத்திராப் பக்கம். பெரிய அதிர்ச்சிக்கு நீளமான பிளவு வேண்டும். 7 அளவுக்கு 40, 50 கிலோமீற்றர் உடைய வேண்டும். 2004இல் உடைந்தது ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். அப்படியொரு செயற்படும் விளிம்பு வன்னிக்குக் கீழே இல்லை.

அதற்காகப் பழைய பாறை அதிராது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. 1993 செப்டெம்பர் 30 அதிகாலை மகாராட்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் 6.2 அளவு அதிர்ச்சி வந்து ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதுவும் தட்டின் உட்பகுதிதான். அதற்கு முந்திய ஆண்டு, 1992 ஒக்டோபர், நவம்பரில், அங்குள்ள கில்லாரி ஊர்ச் சனம் சின்ன அதிர்வுகளின் தொடரொன்றை உணர்ந்திருந்தது. இதை மட்டும் படித்தவர் வவுனியாவின் 2.3ஐக் கண்டு பயப்படுவார். ஆனால் அதே மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பரில் தொடங்கிய அதிர்வுத் தொடர் ஆயிரக்கணக்கில் போனது. பெரியது 4ஐ ஒட்டியே நின்றது. தொடங்கும்போது பார்த்தால் இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். எது லாத்தூர், எது பால்கர் என்று சொல்லும் அடையாளம் அந்த நேரத்தில் பதிவில் கிடைப்பதில்லை. முன்னதிர்வு என்ற பெயரே பெரியது வந்த பிறகுதான் வைக்கப்படுகிறது.

இரணைமடு போன்ற குளங்களின் நீர்ப்பாரம் அதிர்வைக் கிளப்புமா என்றும் சிலர் கதைக்கிறார்கள். நீர்த்தேக்கம் அதிர்வைத் தூண்டுவது உண்மையான விஷயம். 1967இல் இந்தியாவின் கொய்னாவில் 6.3 வந்தது. ஆனால் கொய்னா அணை 100 மீற்றர் உயரம். இரணைமடுவின் 36 அடி, 11 மீற்றர். இதைப் பற்றி இதற்குமேல் எழுதத் தேவையில்லை.

எண்ணிக்கையில் சொன்னால், கலிபோர்னியாவின் நீண்டகாலப் பதிவுகளில், ஓர் அதிர்வைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது அதே இடத்தில் வருவது 100க்கு 5 அளவில். 95 தரம் ஒன்றும் வராது. இந்த 5ஐ இரண்டு விதமாகப் பார்க்கலாம். சாதாரண நாளில் அங்கே பெரிய அதிர்ச்சி வரும் சாத்தியம் பத்தாயிரத்தில் ஒன்றென்று வைத்துக்கொண்டால், அது திடீரென 500 மடங்கு ஏறியிருக்கிறது. அதேவேளை, ஊரைக் கிளப்பி ஓடச்சொன்னால் 20 தரத்தில் 19 தரம் சும்மா ஓடியிருப்பார்கள். இரண்டும் ஒரே எண்தான். பத்திரிகைகள் முதலாவதைத் தலைப்பாக்கும், அதிகாரிகள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார்கள்.

சீனாவின் ஹைச்செங் நகரம் 1975 பெப்ரவரி 4இல் முன்னதிர்வுகளை நம்பி வெளியேறியது. அன்று மாலையே 7.3 வந்தது. பூமியதிர்ச்சியை முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்று உலகமே பேசியது. அடுத்த ஆண்டு ஜூலை 28, தாங்ஷான். முன்னதிர்வு ஒன்றும் இல்லை. அதிகாரபூர்வக் கணக்கில் 2,42,000 பேர் செத்தார்கள். 2015 நேபாளத்தின் 7.8உம் எச்சரிக்கும் அதிர்வு எதுவுமின்றியே வந்தது. சிலியின் இக்கீக்கேயில் 2014 மார்ச் 16இல் 6.7, ஏப்ரல் 1இல் 8.2. ஜப்பானில் 2011 மார்ச் 9இல் 7.3, இரண்டு நாள் கழித்து 9. அந்த 7.3 வந்தபோது அதைத்தான் முதன்மை அதிர்ச்சி என்று எல்லோரும் எடுத்தார்கள். எடுக்காமல் விட அவர்களிடம் காரணமும் இருக்கவில்லை. சந்தோரினித் தீவில் 2025 பெப்ரவரியில் 10,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், பெரியது 5.3, பிறகு அடங்கிவிட்டது.

இவற்றில் எங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இத்தாலியின் லக்கிலா. 2009 ஜனவரியிலிருந்து அந்த நகரத்தில் சின்ன அதிர்வுகள். மார்ச் 30இல் 4.1. மறுநாள் நிபுணர்கள் கூடினார்கள். கூட்டத்துக்கு முன்பே, சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் துணைத் தலைவர் தொலைக்காட்சியில், சக்தி தொடர்ந்து வெளியேறுவதால் நிலைமை சாதகமானது என்ற பொருளில் பேசிவிட்டார். மேலே 32,000 அதிர்வுக் கணக்கில் பார்த்த அதே பிழை. ஏப்ரல் 5 இரவு 11 மணியளவில் ஓர் அதிர்வு, நள்ளிரவுக்குப் பிறகு இன்னொன்று. அந்த ஊர்க்காரரின் பழைய வழக்கம், பலமாகக் குலுங்கினால் இரவை வெளியில் கழிப்பது. ஆறுதல் வார்த்தையைக் கேட்டுப் பலர் உள்ளேயே படுத்தார்கள். 3.32க்கு 6.3 வந்தது, 309 பேர் இறந்தார்கள். ஏழு பேருக்கு 2012இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை. மேன்முறையீட்டில் 2014இல் ஆறு பேர் விடுவிக்கப்பட்டார்கள், அந்தத் துணைத் தலைவருக்கு மட்டும் குறைக்கப்பட்ட தண்டனை நின்றது. "வருகிறது" என்பதும் "வராது" என்பதும் ஒரே தரப் பொய்கள் என்பது என் அபிப்பிராயம். லக்கிலாவில் கொன்றது இரண்டாவது.

இந்த வகையில் ஜப்பானியரின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 ஓகஸ்ட் 8இல் கியூஷூவுக்கு அப்பால் 7.1 வந்ததும், பக்கத்திலுள்ள நன்காய் அகழியில் பெரியது வரும் சாத்தியம் கூடியிருக்கிறது என்று அறிவித்தார்கள். அந்த வாரத்துக்கான சாத்தியம் பல நூறில் ஒன்று, வழக்கமாக ஆயிரத்தில் ஒன்று என்று எண்ணோடு சொன்னார்கள். ஓடச் சொல்லவில்லை. தண்ணீர், மருந்து, வெளியேறும் வழி, குடும்பத்தவர் சந்திக்கும் இடம் ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அறிவித்தலை எடுத்துவிட்டார்கள். பெரியது வரவில்லை.

அதிர்வு எண்ணிக்கையைத் தாங்களே பார்க்க விரும்பும் பொடியள் இருக்கிறார்கள், பார்க்கட்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் பட்டியலை யாரும் எடுக்கலாம். தேடல் பக்கத்தில் வட அகலக்கோடு 0 முதல் 15 வரை, கிழக்கு நெடுங்கோடு 90 முதல் 100 வரை ஒரு செவ்வகம் கீறி, குறைந்த அளவு 4, ஆழம் 70 கிலோமீற்றருக்குள், காலம் குறைந்தது 10 ஆண்டு என்று கொடுத்து சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செல்லில் திறக்கலாம். திறந்ததும் எண்ணத் தொடங்கக்கூடாது. முதலில் 0.1 இடைவெளியில் எந்த அளவில் எத்தனை என்று பட்டைவரைபு போட வேண்டும். பெரிய அளவிலிருந்து இறங்கி வரும்போது எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சரியும். அந்த இடத்துக்குக் கீழே அதிர்வுகள் குறையவில்லை, கருவிக்கு அகப்படவில்லை. உச்சிப் பட்டையோடு 0.2 கூட்டி, அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். புதிதாக ஒரு நிலையம் பூட்டிய ஆண்டில் அதிர்வுகள் இரட்டித்ததுபோலத் தெரிவதெல்லாம் இந்த வெட்டைச் செய்யாததால் வருவது.

அடுத்தது பி-மதிப்பு, சின்ன அதிர்வுகளுக்கும் பெரியவற்றுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண். குட்டன்பெர்க், ரிக்டர் இருவரும் கண்ட விதிப்படி அளவு 1 குறைந்தால் எண்ணிக்கை ஏறக்குறைய 10 மடங்காகும். அப்போது பி-மதிப்பு 1. பாறையில் அழுத்தம் ஏறினால் பெரியவற்றின் பங்கு கூடி இந்த மதிப்பு இறங்கும் என்பது ஆய்வுகூடத்திலும் பிளவுகளிலும் காணப்பட்டது. 2019இல் குலியா, வீமர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை வைத்தே, பெரிய அதிர்வொன்று முடிவா, முன்னோட்டமா என்று பார்க்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். கணக்கு இலகு, அக்கி 1965இல் தந்தது: வெட்டு அளவிலிருந்து அரைப்பட்டையைக் குறைத்து, அதைச் சராசரி அளவிலிருந்து கழித்து, வரும் மீதியால் 0.4343ஐ வகுக்க வேண்டும். வெட்டு 4.5, பட்டை 0.1 என்றால் கழிக்கவேண்டியது 4.45. சராசரி 4.93 என்றால் மீதி 0.48, பி-மதிப்பு 0.90. பிழை எல்லை, மதிப்பை அதிர்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 200 அதிர்வு இருந்தால் 0.06. 50தான் இருந்தால் 0.13. ஆகவே 50 அதிர்வை வைத்து "0.9 இருந்தது 0.8 ஆகிவிட்டது, ஆபத்து" என்று யாராவது படம் போட்டால் அவர் காட்டுவது வெறும் பிழை எல்லையை.

இதைவிட மோசமான பொறி வேறு. பெரிய அதிர்ச்சி வந்த முதல் சில மணி நேரம் அதிர்வுக் கோடு அடங்காமல் ஆடிக்கொண்டிருக்கும். சின்ன அதிர்வுகள் அதற்குள் மறைந்துபோகும். பட்டியலில் பெரியவை மட்டும் எஞ்சுவதால் பி-மதிப்பு தானாகவே இறங்கித் தெரியும். அதாவது அபாயக் குறியைத் தேடுகிற அதே நேரத்தில்தான் பட்டியல் பொய்யான அபாயக் குறியைக் காட்டும். அளவு வகைகளைக் கலப்பதும் இப்படித்தான்: சின்னவற்றுக்கு உடல் அலை அளவு, பெரியவற்றுக்குத் திருப்புத்திறன் அளவு என்று ஒரே நிரலில் இருக்கும். அந்த நிரலையும் பார்த்து வடிகட்டாவிட்டால் மதிப்பு எங்கேயும் போகும்.

பின்னதிர்வுகளும் எண்ணிக்கையை ஊத வைக்கும். ஒமோரி 1894இல் சொன்னபடி அவை நாளுக்கு நேர்மாறாகக் குறையும்: முதல் நாள் 100 என்றால் பத்தாம் நாள் 10 அளவில். இந்தக் கோட்டின்படி குறைந்துகொண்டு வந்தால் அது வழமை. கோட்டுக்கு மேலே ஏறினால்தான் கவனிக்கவேண்டியது.

உள்ளூர்ப் பதிவுகளில் இன்னொரு களையெடுப்பும் உண்டு. வன்னியில் கல்குவாரி வெடி இருக்கிறது, கண்ணிவெடி அகற்றுவோர் கிடைத்ததை அங்கேயே வெடிக்கவைப்பதும் இருக்கிறது. அதிர்வுகளை மணி நேரப்படி அடுக்கிப் பாருங்கள். இயற்கை அதிர்வு இரவு பகல் பார்க்காது. வேலை நேரத்தில் மட்டும் குவிந்து, ஞாயிறுகளில் காணாமற்போனால் அது குவாரி. வெடியில் முதல் அலை எல்லா நிலையத்திலும் நிலத்தை மேலே தள்ளும். பிளவு நழுவினால் சில பக்கம் மேலே, சில பக்கம் கீழே. ஆனால் இதைப் பிரித்தறியச் சுற்றிவர நிலையங்கள் வேண்டும். இலங்கையின் நிலையங்கள் பல்லேகலை, ஹக்மனை, மகாகனதராவை, புத்தங்கலை என்று விரல்விட்டு எண்ணும் அளவில். வன்னிக்குக் கிட்ட இருப்பது மிகிந்தலைக்கு அருகிலுள்ள மகாகனதராவை. இந்த இடைவெளியில் 2 அளவு அதிர்வொன்றின் ஆழத்தைக் கறாராகச் சொல்வது கடினம். ராஸ்பெரி ஷேக் போன்ற சின்னக் கருவியொன்றை ஒரு பாடசாலையில் பூட்டினாலே உதவி. ஆனால் சீமெந்துத் தரையில், தண்ணீர் மோட்டரிலிருந்தும் மரவேரிலிருந்தும் தள்ளிப் பூட்ட வேண்டும். காற்றில் மரம் ஆடுவதும் வேர்வழியாகப் பதிவில் ஏறும்.

அதிர்வை விட்டு நிலத்தின் நகர்வைப் பார்த்தவர்களும் உண்டு. 2023இல் பிளெத்தெரி, நோக்கே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 90 பெரிய அதிர்ச்சிகளின் ஜி.பி.எஸ். பதிவுகளைக் கூட்டிப் பார்த்து, அதிர்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே பிளவு மெல்ல நழுவத் தொடங்குகிறது என்றார்கள். பரபரப்பாகத்தான் இருந்தது. ஒரே பகுதி ஜி.பி.எஸ். நிலையங்களுக்குப் பொதுவாக உள்ள இரைச்சலை மற்றவர்கள் நீக்கிப் பார்த்தபோது அந்த அடையாளம் கரைந்துபோனது. நாய், பாம்பு, மேகம், கோள்வரிசை பற்றியெல்லாம் எழுதி நேரத்தைக் கழிக்க விருப்பமில்லை.

இனி சுமாத்திரா. 2002 நவம்பர் 2இல் வட சுமாத்திராவில், 2004இன் மையத்துக்குக் கிட்ட, 7ஐத் தாண்டிய அதிர்ச்சி வந்தது. இன்று அதைப் பலர் முன்னதிர்வென்று எழுதுகிறார்கள். இரண்டு வருடமும் கிட்டத்தட்ட இரண்டு மாதமும் இடைவெளி! அதை அன்றே ஒருவர் சரியாக அடையாளம் கண்டிருந்தாலும் முல்லைத்தீவுச் சனம் இரண்டு வருடம் கரையை விட்டு இருக்க முடியுமா? இன்னொரு பக்கம், 2005 மார்ச் 17இல் மெக்லொஸ்கியும் துணை ஆய்வாளர்களும், டிசெம்பரில் உடைந்த பகுதி தன் பக்கத்துப் பகுதியில் அழுத்தத்தை ஏற்றிவிட்டது என்று கணக்கிட்டு எழுதினார்கள். 11 நாளில், மார்ச் 28இல், நியாஸ் தீவருகே 8.6 வந்தது. இடம் சரி, காரணம் சரி. நாள் அவர்கள் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதிர்வுகளைப் படிப்பதால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் இவ்வளவுதான்.

வன்னிக் கரைக்கு இதனால் நட்டமில்லை. ஏனென்றால் எங்களுக்கு முன்னதிர்வு தேவையில்லை; சுமாத்திராவின் முதன்மை அதிர்ச்சியே எங்களுக்கு முன்னறிவிப்பு. 2004 டிசெம்பர் 26இல் அது வந்தது நாட்டு நேரம் காலை 6.58க்கு. 1996இல் கொழும்பு மாற்றிய நேரத்தை ஏற்காத, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் கடிகாரம் 6.28 காட்டியது. மையம் முல்லைத்தீவிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர். நில அலை அதை நாலு நிமிடத்தில் கடந்தது. பிளவின் கிட்டிய பகுதியான நிக்கோபார்ப் பக்கத்திலிருந்து ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்த ஆழிப்பேரலைக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையிலிருந்த ஒருவருக்கும் சொல்ல வழியில்லாமல் போனதுதான் அன்றைய அனர்த்தம்.

இப்போது வழி உண்டு. ஹைதராபாத், ஜகார்த்தா, அவுஸ்திரேலிய மையங்கள் சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிவித்தலை அனுப்பும்; இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதைக் கரைக்குக் கொண்டுவரும்; சந்தேகமென்றால் 117க்கு அழைக்கலாம். இங்கே பிழைக்கக்கூடிய இடம் முதல் எண். மிகப் பெரிய பிளவு உடைந்து முடிக்கவே பத்து நிமிடம் வரை எடுக்கும் என்பதால் ஆரம்ப அளவு குறைவாக வரும். 2004இல் பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் முதலில் சொன்னது 8.0, ஒரு மணி நேரம் கழித்துத்தான் 8.5. ஆகவே வட சுமாத்திரா, நிக்கோபார், அந்தமான் பக்கம், ஆழம் குறைந்த, 8ஐத் தொட்ட அதிர்ச்சி என்று கேட்டால் எண் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08க்கு 8.6 வந்து கரைச் சனம் முழுவதும் ஓடியது, பெரிய அலை வரவில்லை. அங்கே பாறை பக்கவாட்டில் நழுவியது, கடலடி பெரிதாக மேலே தூக்கப்படவில்லை. நழுவிய விதம் தெரிய நேரம் எடுக்கும், அதுவரை ஓடுவதே சரி. அன்று ஓடியதை வீண் என்று பகிடி பண்ணுகிறவர்களை நம்பவேண்டாம்.

கடல் உள்வாங்கினால் ஓடலாம் என்று காத்திருப்பதும் பிழை. தாய்லாந்துப் பக்கம்தான் முதலில் பள்ளம் போனது. எங்கள் பக்கம் முதலில் வந்தது மேடு. கடலடியின் எந்தப் பக்கம் உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்தது அது. முல்லைத்தீவு நகரம், கள்ளப்பாடு, செல்வபுரத்துச் சனம் போகவேண்டியது முள்ளியவளைப் பக்கம். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து போகக்கூடாது. அது கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவில் போகிற தாழ்ந்த பாதை. முள்ளிவாய்க்காலில் இருப்பவர் அதேபோல நகரப் பக்கம் வராமல் புதுக்குடியிருப்புப் பக்கம் ஏற வேண்டும். மன்னார்க் கரைக்கு 2004இல் பாதிப்புக் குறைவு; கிழக்கிலிருந்து வந்த அலையை இடையில் கிடந்த நிலம் மறைத்தது.

தொழிலுக்குப் போன படகுகள் கரைக்குத் திரும்பக்கூடாது. ஆழத்தில் அலை ஒரு மெல்லிய ஏற்றம் மட்டும்தான், கரை கிட்டக் கிட்டத்தான் அது எழும்பும். ஆழமான பக்கம் போய் நிற்க வேண்டும். கரையில் இழுத்து வைத்த படகையும் வலையையும் எடுக்க யாரும் இறங்கக்கூடாது. முதல் அலை முடிந்ததும் பார்க்கப் போவதும் அதே ஆபத்து. அடுத்தடுத்த அலைகள் பத்து நிமிடத்திலும் வரும், ஒரு மணி நேரம் கழித்தும் வரும், முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். எச்சரிக்கை நீக்கப்பட்டது என்று அதிகாரபூர்வமாகக் கேட்கும்வரை முள்ளியவளையோ புதுக்குடியிருப்போ, போன இடத்திலேயே இருக்க வேண்டும்.